விடுதிக்கு நான்கு லட்சம்

வாசலில் மேளம் ஆரம்பித்துவிட்டது. உள்ளறையில் தேவகி கதவைத் தாழிட்டுக்கொண்டு, அப்பாவின் கோப்பில் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

விடியற்காலையில் செத்துப்போன ஆதிகேசவன், சென்னையில் வெள்ளைக்காரன் ஆரம்பித்துவைத்த ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் சூப்பரின்டென்ட். பெண்கள் விடுதி கட்ட அரசு மானியம் கேட்டு மூன்று வருஷம் நாயாய் அலைந்தவர். இன்று மார்ச் முப்பத்தொன்று. மாலை ஐந்துக்குள் செலவு மதிப்பீடு கோட்டைச் செயலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், வருஷத்தோடு மானியமும் முடிந்துபோகும்.

தேவகிக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று. இரண்டு வருஷமாக அப்பாவுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கணக்குப் போட்டு, அவர் கையெழுத்திலேயே எழுதி, ஒப்பமும் வைத்துத் தந்தது இவள்தான். ஆபீசில் தெரிந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மதிப்பீடு தயார் என்று மனுஷர் நேற்றே பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்திருந்தார். ராத்திரி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாதிக் கோப்பு போனால் செத்தவர் மானம் கப்பலேறும்.

அதே பிரிவுக் குமாஸ்தா சனாவுல்லா கோப்பை வாங்கிப்போகக் கொல்லைப்பக்கம் சைக்கிளோடு நின்றிருந்தார். ஒன்பதரை மணி பஸ்ஸை அவர் பிடித்தாக வேண்டும்.

“வாய்க்கரிசி போட வாடி!” தில்லையம்மாள் அத்தை கதவை இடித்தாள். “அப்பன் அங்க காத்துக்கினு கிடக்குறாரு, உள்ள இன்னாடி பண்ற?”

“ரெண்டு நிமிசம் அத்தை.”

“பெத்த பொண்ணா நீ? கல்லு!”

தேவை மூன்று லட்சம். கோட்டையில் எப்படியும் கால் பங்கை வெட்டுவார்கள். அதனால் நான்காகக் கேட்பது அப்பாவின் வழக்கம். ‘கேக்கும்போது வெக்கப்படாதம்மா’ என்பார். தேவகி வெட்கப்படாமல் நான்கு லட்சம் என்று எழுதினாள். ஒப்பமிட்டு, தேதி போட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. தாளில் சிந்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொல்லைப்பக்கம் ஓடிக் கோப்பை நீட்டினாள். “அப்பா நேத்தே முடிச்சிட்டாரு மாமா.”

சனாவுல்லா கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகியும் நகரவில்லை.

“கணக்கு தப்பா மாமா?”

“ரெண்டு வருசமா உன் கையில ஒரு தப்பு வந்ததில்லம்மா,” என்றார் தணிந்த குரலில். “இன்னிக்குத் தேதியப் போட்டுட்டியே.”

உள்ளேயிருந்து அத்தை மறுபடி கூப்பிட்டாள்.

அவர் கோப்பைச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து, பேனாவைத் திறந்து, 31-இல் இருந்த ஒன்றை மெல்ல வளைத்துப் பூஜ்யமாக்கினார்.

“போம்மா, அரிசி போடு.”

மை காயும்வரை ஊதிவிட்டுத்தான் கோப்பை மூடினார்.