இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வருபவர்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது. அதில் யாரும் உட்காரக் கூடாது. துவைத்த துணியை மடித்து அதன் மேல் வைத்தால்கூட என் வீட்டுக்காரர் ஜமால் முகமதுவுக்கு முகம் சுருங்கிவிடும். "ஏட்டி நஸீபா, அது சாம்பியன் நாற்காலிட்டி" என்பார். வாரா வாரம் துடைக்கிறவள் நான். உட்காருகிறவர் அவர், அதுவும் வருடத்துக்கு ஒரே தடவை. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

கதை இதுதான். எங்கள் இராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் சேர்ந்து ஜூலை மாதத்தில் ஒரு டென்னிஸ் போட்டி நடத்துகிறார்கள். ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. ஆரம்பித்து வைத்தவர் அழகுராஜா என்று ஒரு பஞ்சு வியாபாரி. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மனிதருக்கு விம்பிள்டன் என்றால் உயிர். ஏதோ ஒரு பழைய புத்தகத்தில் அதைப் பற்றிப் படித்துவிட்டு, அப்படியே நம் ஊரிலும் நடக்க வேண்டும் என்று விதி வகுத்துவிட்டார். எல்லாரும் வெள்ளை உடுப்புதான் போட வேண்டும். கோப்பையின் உச்சியில் அன்னாசிப்பழம் இருக்க வேண்டும், அங்கே அப்படித்தானாம். பாத்திரக்கடையில் செய்யச் சொன்னதில் அது பலாப்பிஞ்சு மாதிரி வந்திருக்கிறது. புல்தரைக்கு மட்டும் வழியில்லை. நம் வெயிலுக்குச் செம்மண் தாங்குவதே பெரிய காரியம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்று உண்டு. போன வருடம் ஜெயித்தவர் மற்ற ஆட்டம் எதுவும் ஆட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒருவரோடு ஒருவர் மோதி, கடைசியில் மிஞ்சுகிறவர் ஞாயிறு சாயங்காலம் சாம்பியனோடு ஆட வேண்டும். கோப்பையோடு அந்த நாற்காலியும் ஜெயித்தவர் வீட்டுக்குப் போகும்; அடுத்த வருடம் அவரேதான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படித்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்து, பல வருடமாக அசையாமல் கிடக்கிறது.

இந்த விதியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஏனென்றால் எங்கள் ஆட்கள் கிளப்பில் கூடி விம்பிள்டன் பார்ப்பது இறுதி ஆட்டம் ஒன்றுதான். வார நாளில் யாருக்கு நேரம்? மில்லுக்குப் போக வேண்டும், லோடு ஏற்ற வேண்டும். இறுதி ஆட்டத்தில் பல தடவை போன வருடத்து ஆளே வந்து நிற்பான். உடனே "பாத்தியளா, நம்ம மாதிரியேதான்" என்று தலையாட்டிக்கொள்வார்கள். அவன் எத்தனை பேரைத் தாண்டி வந்து நிற்கிறான் என்று யார் பார்த்தது?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த ஜூன் கடைசியில் எங்கள் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட் படியில் இறங்கும்போது கால் பிசகி, வீட்டில் முடங்கினேன். பொழுது போகாமல் டிவியைப் போட்டால் விம்பிள்டன் முதல் நாள். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்கிற ஆட்களை இந்த வருடத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம், இனி மிஷின்தானாம். சரி, ஊர் உலகமெல்லாம் அப்படித்தானே ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பி.காம். படித்தவள், அவர்கள் இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரியும். பெரிய மைதானத்தில் முதல் ஆட்டத்துக்கு ஒரு பையன் இறங்கினான். போன வருடத்து சாம்பியன் என்றார்கள். சாம்பியன்தான் முதல் நாள் முதல் ஆட்டம் ஆடித் தொடங்கி வைப்பது அங்கே வழக்கம் என்றார்கள்.

யா அல்லா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பையன் சட்டை ஒட்ட வேர்த்து, அஞ்சு செட் போராடித்தான் ஜெயித்தான். இங்கே என் வீட்டு சாம்பியன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார்.

உடனே செலினாவுக்கு போன் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வீட்டுக்காரர் அலெக்ஸ், மில்லில் எலக்ட்ரீஷியன். சேத்தூரிலிருந்து பைக்கில் வந்து போகிறவர். வருடா வருடம் எல்லாரையும் தோற்கடித்துவிட்டு, கடைசியில் என் வீட்டுக்காரரிடம் வந்து தோற்றுப்போகிறவரும் அவர்தான்.

செலினா செத்த நேரம் கழித்துக் கூப்பிட்டாள். போனில் தேடிப் பார்த்திருக்கிறாள்.

"மதினி, ஆயிரத்தி எண்ணூத்தி எழுபத்தேழுல ஆரம்பிச்சிருக்காங்க. அடுத்த வருசத்துல இருந்து சாம்பியன் காத்திருக்க விதி அங்கயும் இருந்துச்சாம். ஆனா ஆயிரத்தி தொள்ளாயிரத்தி இருபத்திரெண்டுலயே அத எடுத்துட்டாங்க மதினி."

"நூறு வருசத்துக்கு முன்னாலயா?"

"ஆமா. அழகுராஜா அய்யா படிச்ச புஸ்தகம் அதுக்கும் முந்தினது போல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மதினி, தப்பா நெனைக்காதீங்க. இவரு ஞாயித்துக்கிழம காலைல ஒரு ஆட்டம் ஆடிட்டு, சாயந்திரம் பாயோட ஆடுவாரு. வீட்டுக்கு வந்தா கெண்டக்கால் இழுத்துக்கிட்டு எந்திரிக்கவே முடியாது. நாந்தான் தேய்ச்சுவிடுவேன். ஒரு நாளு, 'நான் பாய்கிட்ட தோக்கல செலினா, அந்த நாற்காலிகிட்ட தோக்கேன்'னாரு."

அலெக்ஸ் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறார், இந்த நாற்காலியைக் கடந்துதான் உள்ளே வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் காலையில் டீயை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆடிப்போவார், அப்படியா என்பார் என்று நினைத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்ட்டி."

"என்ன தெரியும்?"

"மெட்ராசுல ஒரு சரக்கு விசயமாப் போயிருக்கையில ஓட்டல்ல பாத்தேன். மொத நாளு ஆட்டம். மூணு, நாலு வருசம் இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "தெரிஞ்சுமா போயி அதுல உக்காந்தீங்க? அந்த மனுசன் காலு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு அங்க! வெக்கமா இல்ல?"

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "பயம்ட்டி. எனக்கு அம்பத்திரெண்டு ஆச்சு. எந்திரிச்சு மொத ஆட்டம் ஆடி, அதுலயே எவன்கிட்டயாவது தோத்துட்டேன்னா? பொறவு இம்புட்டு வருசம் சாம்பியன்னு சொன்னதெல்லாம் என்ன? உக்காந்தே இருந்தா அது தெரியாமலே போயிரும்லா."

சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. தறிக்குப் பாவு ஏற்றுவதிலிருந்து லாரிக்குப் பின்னால் மதுரை வரை ஓடுவது வரை எதற்கும் அஞ்சாத மனிதர் என்றுதான் இத்தனை வருடம் இவரோடு வாழ்ந்தேன். பயந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தரை எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொன்னேன். "அந்த நாற்காலிய நான் இனிமே துடைக்க மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு சாப்பாடு போட்டேன், பேசவில்லை.

விம்பிள்டன் முடிந்த வாரம், கிளப் செயலாளர் தேவஇரக்கம் அண்ணன் கடையில், யாரோடு யார் ஆடுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை. சீட்டுகளைப் பால்கோவா டப்பாவில் போட்டுக் குலுக்குவது வழக்கம். நான் ஆட்டோவில் போய், காலை நீட்டி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அலெக்சும் செலினாவும் வந்திருந்தார்கள்.

தேவஇரக்கம் அண்ணன் டப்பாவை மூடப்போகும்போது என் வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து உள்ளே போட்டார்.

"இது யாரு பேரு பாய்?"

"எம்பேருதான்."

"நீங்க எதுக்கு? உங்களுக்கு நாற்காலில்லா இருக்கு."

"விம்பிள்டன்ல இருபத்திரெண்டுலயே அத எடுத்தாச்சு, அண்ணாச்சி."

"ரெண்டாயிரத்தி இருபத்திரெண்டா?"

"ஆயிரத்தி தொள்ளாயிரத்தி."

தேவஇரக்கம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஏசப்பா! அம்புட்டு வருசம் லேட்டாவா ஓடிட்டு இருக்கோம்? நம்ம செங்கோட்டை ரயிலே தேவலாம் போலிருக்கே." கடையே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. சாம்பியன்தான் மொத ஆட்டம் ஆடணும். அதுவும் அங்கத்த வழக்கந்தான்" என்றார். அவர் கை டப்பாவின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

முதல் ஆட்டத்துக்கு அவரை எதிர்த்து எடுத்த சீட்டில் அலெக்ஸ் என்று இருந்தது. செலினா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நானாகத்தான் பேசினேன். "வெள்ளச் சட்டைய எடுத்து வெளிய வைங்க, துவைக்கணும்" என்றேன். அது போதும் எங்களுக்கு.

சனிக்கிழமை காலையில் குட்டியானை லோடு வண்டியில் கோப்பையையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நாற்காலி எதற்கு என்று கேட்டேன். அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்றார். மைதான ஓரத்து வேப்பமரத்தடியில், இங்கே நடக்கும்போதெல்லாம் போடுகிற இடத்தில் அதை இறக்கிப் போட்டார்கள். வெயில் ஏறவில்லை, செம்மண்ணில் தண்ணீர் தெளித்த ஈரம் இருந்தது. ஆட்கள் வந்து வேலியோரம் நின்றார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒருவரும் கிட்டப் போகவில்லை. நான் வழக்கம்போல வேலியைப் பிடித்து, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றேன். இத்தனை வருடமும் எந்த ஊரில் நடந்தாலும் பிளாஸ்கை வைத்துக்கொண்டு நான் நின்றது வேலியோரம்தான்.

மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி நஸீபா! காலு வீங்கிக் கெடக்கு, அங்க எதுக்கு நிக்க? அதுல உக்காரு."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. சரி, துடைத்தவள்தானே உட்காருகிறேன் என்று போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஆடுகிறவர்கள் தண்ணீர் குடிக்க வருகிற பெஞ்சு அந்த நாற்காலிக்கு நேர் எதிரே, கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. வேலியோரம் நின்றால் முதுகு மட்டும்தான் தெரியும். இங்கிருந்து பார்த்தால் அலெக்சின் நெற்றி வேர்வை, பாட்டில் பிடிக்கிற கை, எல்லாம் தெரிகிறது. அப்படியானால் ஒவ்வொரு வருடமும் ஞாயிறு காலை ஆட்டம் முடிந்து அந்த மனிதர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்ததை இவர் இதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இவர் பட்ட பயம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க எவ்வளவு பயம் வேண்டும்!

ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? அலெக்ஸ் பறந்தார். இவர் ஓடினார், விழுந்தார், முட்டி சிராய்த்து வெள்ளைக் கால்சட்டையெல்லாம் செம்மண் ஆனது. முதல் செட்டை அலெக்ஸ் எடுத்தார். இரண்டாவது செட்டை இவர் எப்படியோ பிடுங்கினார். அப்போது நான் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்காய் எல்லாம் பறந்தது. மூன்றாவதில் மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. கடைசியில் இவர் அடித்த பந்து வலையில் பட்டு இந்தப் பக்கமே விழ, மட்டையை இறக்கினார். வலையைத் தாண்டிப் போய் அலெக்சைக் கட்டிக்கொண்டார். அலெக்ஸ் பாவம், சாம்பியனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே என்று முகம் செத்துப்போய் நின்றார்.

பிறகு இவர் பழக்க தோஷத்தில் நேரே நாற்காலியை நோக்கி வந்தார். நான் எழுந்திருக்கப் போனேன். "உக்காருட்டி" என்று தோளை அழுத்திவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் பையிலிருந்த காஸ் துணியை எடுத்து அவர் முட்டியில் கட்டினேன், எங்கள் யூனிட் துணிதான். அவர் அலெக்ஸ் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றதை நினைத்து உள்ளுக்குள் உடைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளும் வந்தோம். அவர் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து அலெக்சுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். சாயங்காலம் அலெக்ஸ் கோப்பையை வாங்கினார். பலாப்பிஞ்சைப் பிடித்துக்கொண்டு செலினா அழுதாள். நாற்காலியையும் சேத்தூருக்கு ஏற்றச் சொல்லி தேவஇரக்கம் அண்ணன் சொன்னபோது அலெக்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, அது வேண்டாம். அடுத்த வருசம் மொத ஆட்டம் நானுல்லா ஆடணும். அது மதினிகிட்டயே இருக்கட்டும்."

அதனால் அது எங்களோடேயே திரும்பியது. வண்டியில் நான் முன்னால் உட்காரவில்லை; காலை நீட்ட வேண்டும் என்று பின்னால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வந்தேன். அவர் என் காலடியில், வண்டியின் பக்கப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் காற்று. மலைப் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

"தோத்தது வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"அதில்லட்டி." அவர் முட்டியில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டார். "அலெக்ஸ் எம்புட்டு நல்லா ஆடுதான், பாத்தியா? இத்தன வருசம் அவன்கூட ஆடிருக்கேன். கால் களைக்காம அவன் என்கூட ஆடுத ஆட்டத்த நேத்துத்தான் மொதமொத பாத்தேன்."

நான் குனிந்து அவர் தலையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டேன்.