தொட்டில் கட்டிய உசிலை

முதலில் அவள் கண்ணில் பட்டது மரம் அல்ல. பச்சைத் துணி.

டிராக்டர் டிரெய்லரில் சாய்ந்து கிடந்த உசிலை மரத்தின் கிளையில் அது ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அரக்குக் கரை, உள்ளே ஒரு கூழாங்கல். சத்தியப்பிரியா தன் கல்யாணப் புடவையில் கிழித்து, பிள்ளை வரம் கேட்டு போன ஆடியில் தானே கட்டிய தொட்டில்.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்ததும் மரத்தடிக்குத் தூக்கிப்போய், அவள் கையாலேயே அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். அதுதான் நேர்த்தி. நாச்சியாபுரத்தைத் தாண்டி, அவள் புருஷன் ஊர் அய்யனார் காட்டில் நிற்க வேண்டிய மரம் அது. காரைக்குடியில் ஓட்டல் வாசலில் வேரறுந்து கிடக்கிறது.

"எங்குட்டு இறக்கட்டும், மேடம்?" குதித்து இறங்கினான் வேல்பாண்டி. செடி சப்ளை காண்டிராக்டர். முகமெல்லாம் சிரிப்பு.

"இதை எங்க எடுத்தீக?"

"காட்டுலதான். உசிலை, வெப்பாலை, காரைன்னு கேட்டுட்டுப் போயிட்டீக. நர்சரி நர்சரியா ஏறி இறங்குனேன். கொரியன் புல்லு இருக்கு, காகிதப்பூ இருக்கு. இது எவன்கிட்டயும் இல்ல. வாங்க ஆளில்லாததை எவன் வளப்பான்? ஜேசிபிய விட்டு மூணையும் தோண்டிட்டேன்."



பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றிய ராமநாதனின் புல்தரை சித்திரை வெயிலில் கருகிப்போயிருந்தது. போர்வெல் தண்ணீரும் கீழே போய்விட்டது. தோட்டம் அமைக்கும் சத்தியப்பிரியாவைக் கூப்பிட்டு, தண்ணீர் கேட்காத தோட்டம் வேண்டும் என்றார். இந்த மண்ணில் தானாக நிற்கும் செடிகளாகப் பார்த்துப் பார்த்து அவள்தான் தேர்ந்தெடுத்தாள். முழங்கால் உயரக் கன்றுகள் போதும், மற்றதை விதை போட்டு வளர்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

"அய்யனார் காட்டுல ஒடிஞ்சு விழுந்த சுள்ளியக்கூட எவனும் அடுப்புக்கு எடுக்க மாட்டான். அங்க போயி ஜேசிபிய விட்டியா?"

"சூடம் ஏத்திட்டுத்தான் மேடம் தோண்டுனேன். சாமி ஒண்ணும் சொல்லல."

"சாமி சொல்லாது. நான் சொல்றேன். வண்டியத் திருப்பு."

சத்தம் கேட்டு ராமநாதன் வெளியே வந்தார். மரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, ஜம்முனு இருக்கே! நான்தாம்மா பெருசாக் கொண்டாரச் சொன்னேன். நாளைக்குத் திறப்பு விழா. வர்றவுக முழங்கால் உயரக் கன்னையா பாத்துக்கிட்டு நிப்பாக?"

"கோயில் காட்டு மரம், சார்."

"கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் குடுத்துருவோம். நல்ல மணியா."

"சார், ஒரு சொம்புத் தண்ணி கேக்காம நின்ன மரம் இது. ஆணிவேரை அறுத்துட்டான். இனி பிழைக்கணும்னா தினம் தண்ணி ஊத்தணும். தண்ணி குடிக்காத தோட்டம்தான கேட்டீக? லாரித் தண்ணி குடிக்கிற தோட்டம் வந்திருக்கு."

"ஊத்துங்க. அதுக்குத்தான் உங்களை வச்சிருக்கு."

"ஒரு மரத்துக்கு இம்புட்டுக் கூப்பாடா?" என்று முனகினான் வேல்பாண்டி.

"என் பிள்ளைத் தொட்டில்யா அது!"

அவள் கை துணியைக் காட்டியது. வேல்பாண்டி துணியைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சத்தியப்பிரியா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அய்யனார் கோயில் பூசாரி சின்னக்கருப்பு, அவளுக்கு மாமா முறை.

"மாமா, காட்டுப் பக்கம் போனீகளா?"

"அங்குட்டுத்தான் நிக்கிறோம் தாயி. ஊரே நிக்கிது. குழி குழியாக் கிடக்கு. எந்தப் பய வேலைன்னு தெரியல. தெரிஞ்சா..."

ராமநாதனின் முகம் வெளுத்தது. கையைக் கூப்பாத குறையாக 'வேண்டாம்' என்று தலையாட்டினார்.

"குழிய மூடிராதீக மாமா. மரம் திரும்பி வருது." போனை வைத்தாள். "பேரை நான் சொல்லல சார். நீங்களே வந்து சொல்லுவீக."

"நாளைக்கு விழாவை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா..."

"அப்ப ஊரு இங்க வரும். நாளைக்கே வரட்டுமா, விருந்தாளிகளோட?"

ராமநாதன் வேல்பாண்டியைப் பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். அவள் பார்வை பின்கட்டுக்குப் போனது. அங்கே நீச்சல் குளம். காலையில்தான் லாரித் தண்ணீர் கொட்டி நிரப்பியிருந்தார்கள். குளோரின் இன்னும் கலக்கவில்லை.

"மோட்டாரைப் போடச் சொல்லுங்க. அந்தத் தண்ணிய லாரியில ஏத்தணும்."

"குளத்தையா?"

"குளத்தைத்தான்."

பொழுது சாய்வதற்குள் உசிலை தன் பழைய குழியில் நின்றது, பக்கத்தில் வெப்பாலையும் காரையும். வேர் போன மரம் இத்தனை இலையைத் தாங்காது என்று, பாதிக் கிளைகளை அவளே நின்று கழிக்க வைத்தாள். தொட்டில் கட்டிய கிளையை மட்டும் தொட விடவில்லை. ராமநாதன் ஊருக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி, தான் செய்ததைச் சொன்னார். கூட்டத்தில் ஒரு கிழவி காறித் துப்பினாள்.

"பிழைக்குமா தாயி?" என்றார் சின்னக்கருப்பு.

"தெரியல மாமா."

காருக்குத் திரும்பும்போது ராமநாதன் மெல்லக் கேட்டார். "நாளைக்கு வர்றவுகளுக்கு என்னத்தம்மா காட்டுறது?"

"மண்ணைக் காட்டுங்க. ஆவாரை விதை எடுத்து வச்சிருக்கேன், மழை விழவும் போடுறேன். வேற ஆளைப் பாக்குறதுன்னாலும் பாருங்க. லாரி மட்டும் தினம் இங்குட்டு வரணும்."

லாரியிலிருந்து இழுத்த ஹோஸை வேல்பாண்டியின் கையில் திணித்தாள்.

"எதுவரைக்கும், மேடம்?"

"துளிர் வர்ற வரைக்கும்."

"வரலேன்னா?"

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. ஹோஸைப் பிடித்திருந்த அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.