வாசல் காவல்

மணி ரெண்டே கால், மூன்றுக்கு அடக்கம் என்று ஆலயத்து மைக் சொல்லிவிட்டது, வராந்தாவில் இவர்கள் இன்னும் சவப்பெட்டி மேல் போடுகிற துணிச்சண்டையை முடிக்கவில்லை. ஜெயபாய் உள்ளறையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இஸ்ரவேல், அவள் புருஷன், ஓய்வுபெற்ற ஹவில்தார், எழுபத்தொன்றுச் சண்டையில் பதக்கம் வாங்கியவர், வெள்ளை உடுப்பு, சவரம் செய்த முகம், இப்போது ஒன்றும் கேட்காத முகம்... வெளியே சுந்தர்சிங், முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர், "ரெஜிமெண்டுக் கொடிக்க மேல ஒண்ணும் வரப்பிடாது வேய்." சபைச் செயலாளர் நேசமணி விடுவாரா, "சிலுவைத் துணிதான் மேல கெடக்கணும், அது சபை வழக்கம். பட்டாளத்துல சோறு பொங்கினவரு எனக்குச் சட்டம் படிப்பிக்காண்டாம்." "நான் பொங்கின சோத்தத் தின்னுதான் வேய் அவரு பதக்கம் வாங்கினாரு." யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். மேலே எது, கீழே எது, இரண்டுக்கும் கீழே கிடப்பவரை யார் கேட்டார்கள்? அவர் புத்தி கலங்கி இந்த அறைக்குள்ளேயே ஆறு வருஷம் கிடந்தாரே, அப்போது இந்தத் துணிகள் எங்கே இருந்தன? பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவர் வேண்டும், ஈஸ்டருக்கு முன்வரிசையில் வேண்டும், மூத்திரத் துணி மாற்ற மட்டும் ஒருத்தருக்கும் வேண்டாம்... அவளுக்குத் தெரிந்த துணி அதுதான், மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தினது.

கஞ்சியோடு வாசலில் கால் வைத்தால் போதும், கட்டிலை விட்டு எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், "தம். கோன் ஆதா ஹை?" நில், வருவது யார், காவல் நிற்கிற பட்டாளக்காரன் கேட்கிற கேள்வி. "தோஸ்த்" என்று சொன்னால்தான் உள்ளே விடுவார். சிநேகிதனாம், கழுத்தில் மின்னுத் தாலி கட்டி வந்தவள் சிநேகிதனாம்... ஒருநாள் பொறுக்காமல், "நான் உங்க பெஞ்சாதியாக்கும்" என்றாள், கஞ்சிப் பாத்திரம் சுவரில் போய் விழுந்தது. கடைசியில் என்னையும் எதிராளியாக்கிவிட்டாரே என்ற குறை, நேற்று அவர் கண்ணை மூடின பிறகும் போகவில்லை. அவர் சாகட்டும், கிழவர், சாகத்தான் வேண்டும், ஆனால் என்னை யாரென்று நினைத்துக்கொண்டு செத்தார்?

வெளியே சத்தம் அடங்கியது. "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுவோம், பெட்டிய மூடியாச்சுன்னா எடுத்துரலாம்." ராசியாகிவிட்டார்கள். பங்கு வைத்துவிட்டார்கள்... அவளுடைய பங்கு? காலடிகள் நெருங்கின. ஜெயபாய் எழுந்தாள், முட்டு நொந்தது, நோகட்டும், வாசலில் போய் நின்று நிலையின் இரு பக்கமும் கையை ஊன்றினாள். முன்னால் அவர்கள், முதுகுக்குப் பின்னால் அவர். நின்ற பிறகுதான் பட்டது, காவல் நிற்கிறவனுக்கு முன்னால் எதிராளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பின்னால் காக்க வேண்டியது ஏதாவது இருந்தாக வேண்டும்... இந்த அறையில் அவருக்குப் பின்னால் என்ன இருந்தது? திரும்பிப் பார்த்தாள். அவர் பிடித்து நின்ற சுவர். அந்த மூலையில் அவள் படுக்கிற பாய், சுருட்டிச் சாத்தியபடி. அதுவா? அதைத்தானா?

கொடியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு சுந்தர்சிங் வந்து நின்றார், பின்னால் சிலுவைத் துணியோடு நேசமணி.

"மைனி, வழி விடுங்க, நேரமாச்சு."

அவள் கையை எடுக்கவில்லை.

"தம். கோன் ஆதா ஹை?"