இடது தோளில் ஒரு மடிப்பு

எங்கள் டிசைனர் மேடத்தின் புதிய கலெக்‌ஷனில் பன்னிரண்டு உடைகள். ஒவ்வொன்றிலும் உள்ளே வெங்காயச் சருகு போல ஷிஃபான் கவுன். நகம் பட்டாலே இழை இழுத்துக்கொள்ளும். மேலே ஆண்கள் போடுகிற மாதிரி கறுப்புக் கம்பளிக் கோட்டு, விறைப்பாக, சிரிப்பே இல்லாமல். பெண்களுக்கு எதற்கு இந்த அதட்டல் என்று தோன்றியது, கேட்கவில்லை. கோட்டு வெட்டுவதும் தைப்பதும் என் பொறுப்பு.

முதல் கோட்டை மாடல் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தோம். தையலறையில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். இடது தோள் மட்டும் அரை அங்குலம் தூக்கி நின்றது. தொட்டுப் பார்த்தேன். தோளுக்குள் வைக்கிற பஞ்சு இடப்பக்கம் ஒரு மடிப்பு அதிகம்.

என் வீட்டுக்காரருக்கு இடது தோள் இறக்கம். பதினெட்டு வருஷம் அவருடைய கோட்டுகளில் அந்த மடிப்பை வைத்துத் தைத்து, இறக்கம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டேன். வீடே நடுங்கும்படி நிமிர்ந்து நடந்தார். பஞ்சு யாருக்குத் தெரியும்? என் கை இப்போதும் தன்பாட்டுக்கு அதை வைத்திருக்கிறது.

அவர் விட்டுப்போய் இரண்டு வருஷம் என்பது தையலறையில் யாருக்கும் தெரியாது. அவருக்குச் சளி, அவர் வெளியூர் என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன். பாவம் பார்க்கிற முகங்களை என்னால் தாங்க முடியாது. இப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. வீட்டில் அவருக்குத் தைத்துத் தைத்து வந்த பழக்கம் என்று உளறிவிட்டேன்.

மேடம் கோபிக்கவில்லை. ஒட்டடைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு தோள் மிரட்டுகிறது, உள்ளே துணி நடுங்குகிறது, ஆறு மாதமாக இதைத்தான் தேடினேன் என்றார். பன்னிரண்டும் இப்படியே வேண்டுமாம்.

"அக்கா, நாளைக்கு அவரைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க. அவர் தோள்லயே அளவு எடுத்துடலாம்."

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பன்னிரண்டு கோட்டு முடிகிற வரைக்கும் ஒரு காய்ச்சல் தாங்காது.

"வர மாட்டார் மேடம். போய் ரெண்டு வருஷமாச்சு. இன்னொருத்தி வீட்ல இருக்கார்."

மெஷின்கள் நின்றன. நான் பயந்த முகங்கள் அத்தனையும் என் பக்கம் திரும்பின. ஒட்டடைக்குச்சி கோட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். தோளைப் பிரித்துச் சமமாக்கிவிடலாம், ஒன்றும் அவசரமில்லை என்றார் மேடம், தரையைப் பார்த்தபடி.

"வேண்டாம். அளவுக்கு அவர் எதுக்கு? என் கை மறந்தாத்தானே."

இரண்டாவது கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பஞ்சை மடித்து இடது தோளில் வைத்தேன். நூலளவும் பிசகவில்லை. அதற்குத்தான் எல்லார் முன்னாலும் அழுதேன்.