அகராதிக்குள் ஏறிய வசவுகள்

கடல் கடந்து வந்த பாதிரியாருக்கு, தான் வந்து சேர்ந்த ஊரின் பேச்சை அகராதியாக்குவதில் பித்து. முப்பது வருடமாக, காதில் புதுச்சொல் விழுந்தால் போதும், அங்கிப் பையிலிருந்து பென்சில் வெளியே வந்துவிடும்.

அன்று, செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்பு கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த தையல்காரம்மா, நாத்தனாரைத் திட்டிய திட்டையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அப்பப்பா, அத்தனையும் அகராதியில் இல்லாத வசவுகள்! இருவருக்கும் நடுவே இருந்த தட்டிக்குப் பின்னால், பென்சிலைத் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார் மனிதர். அங்கே கேட்டது அங்கேயே புதைய வேண்டும் அல்லவா? மன்னிப்பு கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் புது அங்கியைத் தைத்துக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தவர், "கை கொஞ்சம் குட்டையோ?" என்றார், பாவம்.

வந்ததே கோபம்! அதே வசவுகள், வரிசை மாறாமல், அவர் தலையில் கொட்டின.

"என்ன சாமி, மரம் மாதிரி நிக்கிறீங்க? அன்னைக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் உங்க கை தவிச்சதை நான் பாக்கலையா? சீக்கிரம் எழுதுங்க. இதுக்கு மன்னிப்பு ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."