ஜெயபாலன் ஓட்டிய லோரி

காஜா பேராங்கில் இருந்த சொக்கப்பனின் பட்டறைக்கு அந்த லோரியை இழுத்துக்கொண்டு வந்தபோது, அதில் குண்டு துளைத்த ஓட்டைகள் இருந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது. வெள்ளைக்கார அரசுக்கும் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசரகாலம் மலாக்காவை விட்டு ஏறக்குறைய விலகிப்போயிருந்தது. ஆனாலும் குண்டு பட்ட வண்டி ஒன்றை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் என்று அந்தத் தெருவில் எவரும் கிடையாது.

வெல்டிங் வேலை பார்க்கும் தேவதாஸ் மட்டும் அதைச் சுற்றிவந்து பார்த்தான். பலகையால் ஆன பின்பகுதி இற்றுப்போயிருந்தது. ஓட்டுநர் உட்காரும் முன்கூண்டும் எஞ்சின் மூடியும் கெட்டித் தகடு. ஓட்டைகள் எல்லாம் வலப்பக்கத்தில், ஓட்டுநர் பக்கத்தில் இருந்தன. எஞ்சின் மூடியில் சில, கதவில் சில, கூண்டின் பின்சுவரில் சில. ஒவ்வொன்றைச் சுற்றியும் துரு வட்டமாகப் படர்ந்திருந்தது.

"முதலாளி, இதுக்கு வேற கூண்டு வாங்கிப் போட்டுடலாமே" என்றான்.

சொக்கப்பன் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வம்சம். அவர் வீட்டில் பேசுவது மலாய்தான். தமிழ் அங்கங்கே வந்து விழும். "தாஸ், ஓட்டை செமுவா தூத்தோப்" என்றார். எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிடு என்று அர்த்தம். "புது கூண்டு லாமா. மெர்டேக்காவுக்கு முன்னே லோரி ஜாலான்." புதுக் கூண்டு வர நாளாகும், சுதந்திரத்துக்கு முன்னே லோரி ஓடியாக வேண்டும். சாயம் பூசிப் புதிதாக்கிவிட்டால் அந்த மாதக் கடைசியில் வாடகைக்கு எடுக்க ஆள் இருந்தது.

மறுநாள் காலையில் கமலவேணி பலகாரக் கூடையோடு வந்தாள். காஜா பேராங்கில் இருந்த பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அவள்தான் தோசையும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாவும் கொண்டுவருவாள். அளவோடுதான் பேசுவாள். புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்பதற்கு மேல் தேவதாஸுக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியாது.

அன்று அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். லோரியின் நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"தாஸண்ணே, இது எங்கேருந்து வந்துச்சு?"

"ஏலத்துல முதலாளி எடுத்தாரு. ரொம்ப வருஷமா எங்கேயோ புல்லுக்குள்ள கெடந்துருக்கு. ஏன்மா?"

"இது என் வீட்டுக்காரரு ஓட்டுன லோரி."

தேவதாஸ் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான்.

அவள் அழவில்லை. கூடையின் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். புருஷன் பெயர் ஜெயபாலன். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டுநர். ஆறு வருஷத்துக்கு முன்னால், தோட்டத்துத் தொழிலாளர்களுக்கான அரிசியை ஏற்றிக்கொண்டு டவுனிலிருந்து திரும்பிவரும்போது காட்டுக்காரர்கள் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள். லோரி சாலையோரக் கானில், தண்ணீர் ஓடும் பள்ளத்தில், இறங்கிக் கிடந்தது. அவர் உள்ளேயே செத்துக்கிடந்தார். அரிசி மூட்டைகள் ஒன்றையும் காணோம்.

"அரிசி போச்சுல்ல, அதான் பேச்சாயிடுச்சு" என்றாள். "அவரே வண்டிய நிறுத்தி அரிசிய குடுத்தாரு, பேரம் ஒத்துவரல, சுட்டுட்டானுங்கன்னு. மாசக்கணக்கா அவனுங்களுக்கு அரிசி குடுத்துருக்காருன்னு. காட்டுக்கு அரிசி போனா அப்ப பெரிய குத்தம்ல, போலீசுல என்ன கூட்டிட்டுப் போயி வெசாரிச்சாங்க. அப்ப மல்லிகா வயித்துல அஞ்சு மாசம்."

"நீ என்ன சொன்ன?"

"அவரு நிக்க மாட்டாருன்னு சொன்னேன். யாரு கேட்டா? தோட்டத்து வீட்ட காலி பண்ணச் சொன்னாங்க. எங்கண்ணன் அதே தோட்டத்துல கணக்கெழுதற கிராணி. அவரும் அன்னிலேருந்து பேச்ச விட்டுட்டாரு. இப்ப செமாபோக்குலதான் இருக்காரு. மல்லிகாவ ஒருவாட்டிகூட பாத்ததில்ல."

அவள் எழுந்து, தேவதாஸுக்கு உரிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். லோரியின் கிட்டே போகாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

தேவதாஸ் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தான். ஆனாலும் வேலை இருந்தது. ஓட்டையை அடைப்பது என்றால் நேரே போய்க் கம்பியை வைத்துவிட முடியாது. துருவையும் பழைய சாயத்தையும் தேய்த்து எடுத்து, பளபளவென்று இரும்பு தெரியவேண்டும். குண்டு மடக்கிவிட்ட விளிம்பைத் தட்டி நிமிர்த்தவேண்டும். அதற்காக ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்தான். எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து தட்டவேண்டும்.

எஞ்சின் மூடியில் இருந்த ஓட்டைகள் நீள்வட்டமாக இருந்தன. முன்னாலிருந்து சாய்வாக வந்த குண்டுகள். கதவில் இருந்தவை ஏறக்குறைய வட்டம். பக்கவாட்டிலிருந்து நேராக வந்தவை. கூண்டின் பின்சுவரைத் தடவியபோது கை நின்றது. அங்கே தகடு உள்பக்கமாக, ஓட்டுநரின் முதுகைப் பார்த்து மடங்கியிருந்தது.

அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு லோரியை விட்டுத் தள்ளிப்போய் நின்றான். மேட்டில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்பதாக நினைத்துக்கொண்டான். லோரி வருகிறது, முன்னால் சுடுகிறான். தனக்கு நேராக வருகிறது, கதவில் சுடுகிறான். தாண்டிப் போகிறது, பின்னாலிருந்து சுடுகிறான். மூன்றாவது முறையாக நினைத்துப் பார்த்தபோதும் அப்படித்தான் வந்தது. லோரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கு விசாரிக்க வந்தவர்கள் ஓட்டைகளை எண்ணியிருப்பார்கள். தடவிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் காலை கமலவேணியிடம் இதைச் சொன்னான். அவள் கையைப் பிடித்துக் காட்டவில்லை. எங்கே தொடவேண்டும் என்று மட்டும் சொன்னான். அவளே போய்த் தொட்டாள். முதலில் எஞ்சின் மூடி, பிறகு கதவு. பின்சுவரில் கை வைத்தபோது அவள் விரல் ஓட்டைக்குள்ளேயே வெகுநேரம் இருந்தது.

"இத அடைக்காதீங்கண்ணே" என்றாள். "எங்கண்ணன் பாக்கணும். அவரு பாத்தா போதும்."

தேவதாஸ் முதலாளியிடம் போய் நின்றான். கதையைக் கேட்ட சொக்கப்பன் லோரியின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தக் அப்பா. ஞாயிறு வரை துங்கு" என்றார். பரவாயில்லை, ஞாயிறு வரை காத்திரு. அதற்கு மேல் அவராலும் முடியாது.

அன்று சாயங்காலமே கமலவேணி செமாபோக்குக்குப் போனாள். அண்ணன் கருணாகரனின் வீட்டுக்குள் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் வாசலில் நின்றே சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தது. தேவதாஸும் கமலவேணியும் மட்டும் காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் கருணாகரன் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டையில் கறை படாமல் இருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். தேவதாஸ் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார். ஒரு கிராணி கணக்கைச் சரிபார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"மூணு பேரு மூணு எடத்துல நின்னு சுட்டிருந்தா? நிக்கிற லோரியிலயும் இப்படித்தானே விழும்?"

"இருக்கலாம் சார். சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்" என்றான் தேவதாஸ். "ஆனா நின்ன வண்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் நின்னு சுட்டா, அவனுங்க குண்டு அவனுங்க மேலயே பட்டுடும். அப்பவே மூணு வருஷம் காட்டுல இருந்தவனுங்க அந்தத் தப்பப் பண்ணுவானுங்களா? அப்புறம், அரிசி குடுக்க வந்தவன முதுகுல எதுக்குச் சுடணும்?"

கருணாகரன் கைகளை அவிழ்த்து, பின்சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் துரு ஒட்டியது.

"இத யாருகிட்ட போய்ச் சொல்றது, கமலா? வெசாரிச்ச தொரை சீமைக்கே போயிட்டான். தோட்டத்துலயும் புது ஆளுங்க."

"யாருகிட்டயும் சொல்ல வேணாம்ணே. நீ தெரிஞ்சுக்கிட்டா போதும்."

அவர் லோரியின் படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையைப் பற்றி நினைக்கவில்லை. யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நின்னிருந்தா விட்டிருப்பானுங்க. அந்த வருஷத்துல எத்தனையோ லோரிய நிறுத்துனானுங்க. அரிசிய எடுத்துக்கிட்டு, வண்டிய கொளுத்திட்டு, ஓட்டுனவன நடந்து போகச் சொல்லிட்டானுங்க. எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேரு."

கமலவேணி அவரையே பார்த்தாள்.

இத்தனை வருஷமும் அவள் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். விசாரித்தவர்களிடம், தோட்டத்தில், தன் மனத்துக்குள். அவரு நிக்கல, அவரு நிக்க மாட்டாரு. அது இன்று கண்ணுக்கு முன்னால் நிரூபணமாகியிருந்தது. நின்றிருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்பது இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அவரு ஏன் நிக்கல?" என்றாள்.

"நின்னுட்டு வந்திருந்தா மறுநாளே புடிச்சு உள்ள போட்டிருப்பாங்க. அரிசி குடுத்துட்டான்னு. அது அவனுக்குத் தெரியும்." கருணாகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குப் பயந்துதான் ஓட்டியிருக்கான். செத்தும் அந்தப் பேருதான் கெடச்சுது. அத நாங்களும்தான் சொன்னோம்."

"நின்னிருக்கலாம்" என்றாள் கமலவேணி. "ஜெயிலுக்குப் போயிருந்தாலும் போயிருக்கலாம்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். புருஷன் செத்ததற்காக அழுத அழுகையாக அது இல்லை. அவன் மேல் கோபப்பட்டு அழுதாள். அவன் எதிரில் இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். தேவதாஸ் வெளியே போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு, உடனே வராமல் குழாயடியிலேயே நின்றான்.

அவன் திரும்பி வந்தபோது அவள் முகத்தைக் கழுவியவள்போல இருந்தாள்.

"அடைச்சிடுங்கண்ணே" என்றாள்.

"நாளைக்கு நான் பாத்துக்கறேன்மா. நீ வீட்டுக்குப் போ."

"இல்ல. நான் இருக்கறப்பவே அடைங்க."

மெல்லிய தகட்டில் ஓட்டை அடைப்பது பொறுமையான வேலை. சூடு அதிகமானால் ஓட்டை அடைபடாது, பெரிதாகும். பின்னால் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும். உருகின இரும்பு செம்பில் ஒட்டாது, விழாமல் தாங்கி நிற்கும். அந்த ஆளாகத் தானே இருப்பதாகக் கமலவேணி சொன்னாள். தேவதாஸ் யோசித்தான். பிறகு தன் தோல் கையுறையையும் கனமான ஒரு சாக்குத் துணியையும் கொடுத்தான்.

"கண்ண மூடிக்க. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்க. என்ன சத்தம் கேட்டாலும் வெளிச்சத்தப் பாக்காத."

அவள் ஏறி ஓட்டுநரின் இடத்தில் உட்கார்ந்து, கதவின் உள்பக்கம் செம்பை அழுத்திப் பிடித்தாள். தேவதாஸ் முகமூடியை இறக்கினான். மருந்து பூசிய கம்பியின் நுனி விளிம்பைத் தொட்டதும் நீல வெளிச்சம் பட்டறைச் சுவர் முழுக்க அடித்தது. ஒரு சொட்டு வைத்தான், நிறுத்தினான். சிவப்பு கறுப்பாகும்வரை காத்திருந்தான். அதன் எதிர்ப்பக்கம் இன்னொரு சொட்டு. இப்படியே விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்தான். மருந்து உருகி மேலே கசடாகப் படிந்தது. ஆறியதும் சுத்தியலால் தட்ட, கசடு ஓடுபோல உதிர்ந்து, கீழே புது இரும்பு மினுங்கியது. முதல் ஓட்டை அடைபட்டுவிட்டது.

கதவு முடிந்தபோது அவள் கைகள் ஓய்ந்திருந்தன. பின்சுவருக்கு உள்ளே இருந்து எட்டிப் பிடிக்கவேண்டும், தோள் தாங்காது. தேவதாஸ் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, கருணாகரன் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஏறினார்.

"இங்க குடு" என்று செம்புத் தகட்டை வாங்கிக்கொண்டார்.

அண்ணனும் தங்கையும் அந்தக் கூண்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தேவதாஸ் வெளியிலிருந்து சொட்டு வைப்பதும் நிறுத்துவதுமாக இருந்தான். ஆறுவதற்காக நிறுத்திய நேரங்களில் அவர்கள் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் கருணாகரன், "யாரு மாதிரி இருக்கா?" என்று கேட்டதும், "அவரு மாதிரிதான்" என்று அவள் சொன்னதும் காதில் விழுந்தது.

எல்லாம் அடைத்து முடித்தபோது நன்றாக இருட்டியிருந்தது. கருணாகரன் அவளைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

"இப்ப முடியாதுண்ணே. மனசு வரல" என்றாள். "நீ வேணும்னா வா. மல்லிகாவப் பாத்துட்டுப் போ."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

அந்த வாரமே தேவதாஸ் அரம் போட்டுத் தேய்த்து மட்டமாக்கினான். சாயம் பூசியதும் எங்கே ஓட்டை இருந்தது என்று அவனுக்கே தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. லோரி தெருவில் இறங்கிப் போன காலையில் கமலவேணி வழக்கம்போலக் கூடையோடு வந்தாள். அது வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்தாள்.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் வழியில், மல்லிகா தன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். புதிதாக வந்துபோகும் மாமா ஏதோ சொல்லியிருக்கவேண்டும்.

"காட்டுக்காரங்க சுட்டாங்க. உங்கப்பா நிக்காம ஓட்டுனாரு" என்றாள் கமலவேணி.

நின்றிருக்கலாம் என்பதை அவள் சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ளும் வயது வரட்டும் என்று விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள்.