பந்தி எழும்பும் முன்

இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, குவித்தது குவித்தபடியே, குழம்பு ஒரு பக்கமாக வழிந்து ஓரத்துக்குப் போகப் பார்க்கிறது, எப்சிபாவின் விரல்கள் அதற்கு அணை கட்டுவதுபோல் அங்கே இருக்கின்றன, தடுக்கவுமில்லை, தொடவுமில்லை, பதினாறு வயதுப் பிள்ளையின் விரல்களா இவை, என் தம்பி ஜெயசீலனுக்கு ஒரே மகள், பிறந்த அன்று இந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவள் நான், அப்போது ஒவ்வொன்றிலும் குண்டுக் குண்டாக மடிப்பு, இப்போது மோதிரம் நழுவி முட்டியில் நிற்கிறது, கோயில் பந்தலுக்குக் கீழே அசனம் நடக்கிறது, பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சபை முழுக்க ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதைத்தான் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், எங்கள் வீட்டார் அசனத்தில் பரிமாறுவார்கள், உட்கார மாட்டார்கள், கோயிலின் மூலைக்கல்லில் எங்கள் பாட்டனார் பெயர் வெட்டியிருக்கிறது, அவர் காலத்திலிருந்து கரண்டி எங்கள் கையில், எல்லாப் பந்தியும் எழுந்து அண்டா காலியான பிறகு நின்றபடியே ஒரு வாய், அதுதான் வழக்கம், அதை மாற்று என்று என்னிடம் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில்தான் ஆரம்பித்தது, இல்லை, அதற்கும் முன்பே இருக்கும், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இவளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்களாம், ஒரு பையன் அரிசி மூட்டை என்றானாம், கோயில் வாசலில் சபைக்காரி ஞானசுந்தரி, இவளுக்குச் சித்தி முறை, இவள் கையைப் பிடித்து அமுக்கி, என்னட்டி எப்சி, ரேஷன் அரிசி பூரா ஒங்க வீட்டுக்குத்தான் போவுதா என்று சிரித்தாளே, நான் பக்கத்தில்தான் நின்றேன், பிள்ளையும் சேர்ந்து சிரித்தது, சிரிக்கிற பிள்ளைக்கு வலிக்கும் என்று யாருக்குத் தோன்றும், லெந்து தொடங்கும் சாம்பற்புதன் அன்று, அத்தை, நாப்பது நாளும் நான் உபவாசம் இருக்கப் போறேன் என்று வந்து நின்றபோது என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது, எங்கள் இரத்தம் எங்கே போகும், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னேன், இந்தக் காலத்துப் பிள்ளைகளில் யார் இப்படி உபவாசம் இருப்பார்கள் என்று கேட்டேன், சாயங்கால ஜெபத்தில் எப்சிபா முழங்காலில் நின்று கண்ணை இறுக்கிக்கொண்டு ஜெபிக்கிறாள், ஆண்டவரே நான் சிறுகணும், இன்னும் இன்னும் சிறுகணும், எவ்வளவு தாழ்மை இந்தச் சின்ன வயதில், தம்பிக்குக் கண்ணில் நீர், நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொல்கிறோம், ஒவ்வொரு நாளும் சொல்கிறோம், பாவாடை இடுப்பில் ஊக்கு ஏறுகிறது, சீப்பில் முடி கொத்தாக வருகிறது, நாங்கள் ஆமென் சொல்கிறோம்.

ஈஸ்டர் வந்தது, விடியற்கால ஆராதனை முடிந்து வந்து இட்லியும் கறிக்குழம்பும் எடுத்து வைத்தால், நீங்க சாப்பிடுங்க அத்தை, நான் இன்னும் முடிக்கல என்கிறாள், என்னட்டி முடிக்கல, ஆண்டவரே உயிர்த்தெழுந்துட்டாரு, ஒனக்கு இன்னும் உபவாசமா என்று பின்னாலேயே அவள் அறைக்குப் போனேன், நிலைக்கண்ணாடி மேல் ஒரு துண்டு தொங்கியது, இது எதுக்குட்டி என்றேன், என்னப் பாக்க எனக்கே பிடிக்கல, அப்படிச் சொல்லக்கூடாது பிள்ளே, அவர் உண்டாக்குன சரீரம், அதனாலதான் அவர்கிட்டயே கேட்டேன், குறைச்சிக் குடுங்கன்னு, நீங்கதான அத்தை ஆமென் சொன்னீங்க, அவள் கோபமாகச் சொல்லவில்லை, சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல் சொன்னாள், அடுத்த வாரம் பாடகர் குழுப் பயிற்சியில் பாட்டின் நடுவில் கண் செருகிச் சரிந்தாள், வெயில்னு சொல்லுங்க அக்கா, பொம்பளப் பிள்ளைக்கு வியாதின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவான் என்று தம்பி காதோடு சொன்னான், வெயில் என்றேன், விசாரித்த ஒவ்வொருவரிடமும் வெயில் வெயில் என்றேன்.

வெயிலை நம்பாதவர் ஐயரம்மா ஒருவர்தான், எங்கள் சபைப் போதகர் ஐயரின் மனைவி, நல்ல பெருத்த சரீரம், வீட்டுக்கு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் அது முனகியது, பயப்படாதீங்க, நாற்காலி தாங்காட்டாத் தரை தாங்கும் என்று தானே சிரித்துக்கொண்டார், பிறகு எப்சிபாவிடம், ஏட்டி, ஆண்டவருக்கு ஊர்க்காரங்க என்ன பட்டப்பேரு வச்சாங்கன்னு தெரியுமா, தெரியாது, போஜனப்பிரியன்னு சொன்னாங்க, நம்ம பேச்சுல சொன்னா தின்னிப்பண்டாரம், ஐயரம்மா என்று நான் அதட்டிவிட்டேன், பாட்டனார் படத்துக்குக் கீழே இப்படி ஒரு பேச்சா, ஆனால் எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று, ஐயரம்மா விடவில்லை, அதக் கேட்டு ஆண்டவரு சாப்பிடாம எந்திரிச்சிப் போயிட்டாரா, இல்ல, பேசுனவன் பேசட்டும்னு இருந்தாருட்டி, அவருக்கும் பசிச்சிது, களைச்சிது, படகுல தூங்கிட்டாரு, சரீரம்னா கேவலம்னு நெனச்சிருந்தா அத உடுத்திக்கிட்டு வந்திருப்பாரா, சிறுகணும்னு ஜெபிக்கிறது பெருமை குறையத்தான், எடை குறைய இல்ல, இதை ஐயரம்மா அவளைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது, மறுநாள் அவரே எங்களோடு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தார், டாக்டரம்மா மருந்து கொஞ்சமாகவும் பேச்சு அதிகமாகவும் கொடுத்தார், வாரம் தவறாமல் கூட்டி வாருங்கள், அதட்டி ஊட்டாதீர்கள், சாப்பிடும்போது கூட உட்காருங்கள் என்றார்.

கூட உட்காருங்கள், இன்று காலை பந்தலில் எப்சிபா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, நான் பரிமாறுதேன் அத்தை, நம்ம வீட்டு வழக்கந்தான என்றபோது அந்த வார்த்தை எனக்குள் திரும்பக் கேட்டது, வாளி பிடித்த கை இலையைத் தொடவேண்டியதில்லை, எங்கள் வீட்டுக் கௌரவத்துக்குப் பின்னால் பிள்ளை ஒளிந்துகொள்ளப் பார்க்கிறது, வாளியை வாங்கித் தம்பியிடம் நீட்டினேன், அக்கா என்ன செய்தீங்க, எல்லாரும் பாக்காங்க, பாக்கட்டும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பந்தியில் உட்காரப் போனேன், முழங்கால் இரண்டும் சடசடத்தன, புடிங்கட்டி அக்காவ என்று ஞானசுந்தரி தாங்கி உட்காரவைத்து, எப்சிபாவுக்கு அந்தப் பக்கம் தானும் உட்கார்ந்தாள், எதிர் வரிசையில் ஐயரம்மா, ஐயர் ஜெபம் சொல்லி முடித்ததும் ஞானசுந்தரி திரும்பி, மெலிஞ்சி என்ன அழகாயிட்டட்டி, இன்னும் உபவாசமா என்கிறாள், எப்சிபா இலையைப் பார்த்தபடி, உபவாசம் இல்ல சித்தி, சாப்பிடப் பயமா இருக்கு என்கிறாள், வெயில் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பாட்டனார், மூலைக்கல், தம்பியின் வெளுத்த முகம் எல்லாம் வந்துவிட்டன, நான் வாய் திறக்கவில்லை, ஞானசுந்தரியின் கை சோற்றோடு பாதியில் நிற்கிறது, நான் சொன்னதுனாலயாட்டி, நீங்களுந்தான் சித்தி.

வரிசையில் மற்றவர்கள் முடித்துவிட்டார்கள், கடைசி ஆள் முடிக்காமல் பந்தி எழும்பக் கூடாது, அடுத்த பந்திக்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நெருக்கியடித்து நிற்கிறார்கள், இந்நேரம் நான் கரண்டியோடு நின்றிருந்தால், ம் ம், சீக்கிரம், ஊர் பசிச்சி நிக்கி என்று கை தட்டியிருப்பேன், இப்போது யாராவது கை தட்டிவிடுவார்களோ என்று கயிற்றுப் பக்கமே பார்க்கிறேன், அந்த நேரத்தில் ஐயரம்மா காலி இலையைத் தட்டி, ஏ ஜெயசீலன், இங்க சோறு கொண்டாப்பா, என்ன அவசரம் என்கிறார், எனக்கும் ஒரு கரண்டி என்கிறாள் ஞானசுந்தரி, அப்படியே வரிசை நெடுகக் கேட்கிறார்கள், எனக்குக் கொஞ்சம், எனக்கு ரசம், தம்பி என் முன்னால் வந்து தயங்கி நிற்கிறான், நான் இரண்டாம் தடவை எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை, போடு என்று இலையைக் காட்டுகிறேன், பக்கத்து இலையில் சோறு முழுக்க ஆறிவிட்டது, ஓரத்தில் இருந்த விரல்கள் உள்ளே நகர்கின்றன, குவியலில் ஒரு சின்னக் குழி விழுகிறது, வழிந்தோடப் பார்த்த குழம்பு அதற்குள் திரும்புகிறது, அதற்கு மேல் நான் பார்க்கக்கூடாது, குனிகிறேன், இந்த முதுகு இவ்வளவு குனியும் என்று எனக்கே தெரியாது, என் சோற்றைப் பிசைகிறேன், பக்கத்தில் ஒருவர் மெல்ல மெல்ல மெல்லும் சத்தம் கேட்கிறது.